மெஹர் டாக்டரும் செண்பகத்தின் முழங்காலும்

மெஹர் டாக்டர் போய்விட்ட செய்தி எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. ஒரு தேய்ப்புக்கடையிலிருந்து வந்தது. காலையில் ஓ.பி.க்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செண்பகம் போன் செய்தார். அவருடைய கடை மெஹர் டாக்டர் வீட்டுச் சந்தின் முனையில் இருக்கிறது. "டாக்டரே, அறிஞ்சீங்களா? நம்ம மெஹர் டாக்டரம்மா போயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வேதனையாம். வீட்டு முன்னாடி ஆளுங்க உக்கார கசேரி போடறாங்க. அவங்க கோட்டு ரெண்டு இங்க தேய்ச்சு மடக்கி வச்சிருக்கேன். அதை நான் யார்கிட்ட குடுக்கறது டாக்டரே?" என்று கேட்டுவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் ஒரு சாம்பிளை நான் சரியாக மூடி அனுப்பவில்லை என்று மெஹர் டாக்டர் என்னோடு சண்டை பிடித்திருந்தார். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்தார். பதிலை மறுநாள் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையைத் தாண்டிப் போனால் வரும் கிருமியியல் லேப் அவருடைய ராஜ்ஜியம். டாக்டர் மெஹருன்னிசா. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் நிர்வாகம் அவரை விடவில்லை, அவரும் போகிறதாக இல்லை. நானும் பாலக்காட்டுத் தமிழ் வீட்டுப் பிள்ளை. ஆகவே எங்கள் இருவருக்கும் தமிழிலேயே சண்டை போடும் வசதி இருந்தது. மற்றவர்களோடு மலையாளத்தில் மிக மரியாதையாகப் பேசுவார். திட்டுவதற்கு மட்டும் தமிழை எடுப்பார். ஆஸ்பத்திரி முழுவதிலும் அந்தப் பாக்கியம் பெற்றவன் நான் ஒருவன்தான்.

நான் மூட்டு மாற்று அறுவை செய்பவனாக இங்கே சேர்ந்த புதிதில், சீழ் பிடித்த ஒரு முழங்காலிலிருந்து பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்து லேபுக்கு அனுப்பினேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குச்சியோடு அவரே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து நின்றார். தலையில் முக்காடு, அதன்மேல் தியேட்டர் தொப்பி, கண்ணில் நெருப்பு. "பஞ்சைத் தடவி அனுப்பினா பஞ்சோட ரிப்போர்ட்தான் தருவேன். எனக்குச் சதை வேணும் டாக்டரே. உலோகத்தை ஒட்டி இருக்கற சவ்வு வேணும். நாலஞ்சு இடத்துலேர்ந்து எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் வேற கத்தி, வேற டப்பா. ஒரே கத்தியில எல்லாத்தையும் வெட்டினா ஒண்ணோட எச்சில் இன்னொண்ணுல ஒட்டும். பின்னே நான் யாரை நம்பறது?" நர்ஸுகள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து அவர் சொன்னபடியே எடுத்து அனுப்பினேன். அதிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

செயற்கை மூட்டில் கிருமி ஏறிவிட்டது என்பதைவிடக் கெட்ட செய்தி என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. மற்ற இடங்களில் என்றால் மருந்து போகும், ரத்தம் போகும், உடம்பே சண்டை போடும். மெஹர் டாக்டர் இதை நோயாளிகளின் வீட்டாருக்குச் சொல்லும் விதம் ஒன்று உண்டு. "உலோகத்துக்குள்ள ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத இடத்துக்குப் போலீஸ் வராது. அங்க எவன் குடியேறினாலும் பட்டா வாங்கின மாதிரி உக்காந்துடுவான்." உட்கார்ந்தவனைக் கிளப்ப முடியாவிட்டால் மூட்டையே வெளியே எடுக்க வேண்டும். அந்த இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் கட்டியை வைத்து மாதக்கணக்கில் காத்திருந்து, எல்லாம் ஆறியபின் புதிய மூட்டைப் பொருத்த வேண்டும். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. இரண்டாம் முறை பொருத்திய கால் முதல் முறைபோல் நிற்பதில்லை. சிலருக்கு இரண்டாம் முறை வாய்ப்பதே இல்லை. வழக்கமாகக் குடியேறும் கிருமிகள் யாரென்று எங்களுக்குத் தெரியும், அவற்றுக்கான மருந்தும் தெரியும். எப்போதோ ஒருமுறை யாரும் எதிர்பார்க்காத ஒன்று வந்து உட்காரும். அப்போதுதான் மெஹர் டாக்டர் யாரென்று தெரியும்.

செண்பகத்தின் முழங்காலை மாற்றியது நான்தான். அப்பா காலத்திலிருந்தே கொச்சியில் துணி வெளுத்துத் தேய்க்கிற தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. கணவர் இல்லை. மகள் கலா காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வரவேற்பு மேஜையில் வேலை செய்கிறாள். முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது வந்தார். மாற்றிக்கொடுத்தேன். கடைக்குத் திரும்பினார், நாள் முழுக்க நின்றார், ஆளைப் பார்க்கும்போதெல்லாம் என்னைப் புகழ்ந்தார். சில மாதம் கழித்து அதே முழங்கால் வீங்கியது. சாயங்காலமானால் காய்ச்சல், விடியும்போது வேர்வை, இடுப்பில் குடைச்சல். கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டாக்டரே, உக்காந்துட்டுத் தேய்க்க ஆவாது. பெட்டிமேல உடம்போட கனம் விழணும். எனக்கு நடக்கற காலு கூட வேண்டாம். நிக்கற காலு ஒண்ணு மதி, அது போதும்."

ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்தேன். கலங்கலாக வந்தது. சீழ் அணுக்கள் ஏராளம், அதில் சந்தேகமில்லை. ஆனால் லேபில் எதுவும் முளைக்கவில்லை. வழக்கமாகக் கிருமி வளர்க்கும் தட்டுகளை எவ்வளவு நாள் வைத்துப் பார்ப்பார்களோ அவ்வளவு நாள் போயிற்று, தட்டு வெறுமையாகவே இருந்தது. கிருமி இருக்கிறது, பெயர் தெரியவில்லை. காய்ச்சலோ நிற்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மூட்டை எடுத்துவிடுவதுதான் வழி என்று நான் சனிக்கிழமைக்குத் தேதி குறித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், கையில் இருந்த விவரத்தை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான். தேதி குறித்த கொஞ்ச நேரத்தில் லேபிலிருந்து போன் வந்தது.

"தட்டைக் களையல. வச்சிருக்கேன். ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்க."

"எதுக்கு?"

"தெரியல."

"தெரியலங்கறது ஒரு காரணமா மெஹர் டாக்டர்?"

"அதுதான் காரணம். இவ்வளவு சீழ் இருக்கு, ஒண்ணும் முளைக்கல. அப்போ மெதுவா முளைக்கற ஆளு யாரோ உள்ள இருக்கான். அவன் பேரு தெரியாம மூட்டை எடுத்தீங்கன்னா எந்த மருந்தைக் கொடுப்பீங்க? சிமென்ட்ல எதைக் கலப்பீங்க? புது மூட்டை வச்சதும் அவன் அதுலயும் ஏறுவான். அப்பறம் எதை எடுப்பீங்க?"

அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்றாவதாக எடுப்பதற்கு மூட்டு இருக்காது, காலைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் காத்திருப்பதும் சும்மா இல்லை. உள்ளே சீழ் எலும்பைத் தின்றுகொண்டிருக்கலாம், ரத்தத்தில் இறங்கலாம். அந்த வாரம் முழுவதும் நான் ரவுண்ட்ஸ் போகும்போது செண்பகத்தின் சூட்டு அட்டையைப் பயந்துகொண்டுதான் புரட்டினேன். தாழ்வாரத்தில் மெஹர் டாக்டரைக் கண்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கான்டீனில் எங்களுக்குச் சாயா கொண்டுவருகிறவர்கூட இரண்டு மேஜைக்கு நடுவில் நின்று யாருக்கு முதலில் வைப்பது என்று திணறினார்.

வியாழக்கிழமை தட்டில் ஏதோ தெரிந்தது. பனி படர்ந்ததுபோல் கண்ணுக்கு எட்டியும் எட்டாத சின்னச் சின்னப் புள்ளிகள். லேபில் பிந்து என்ற டெக்னீஷியன் மூடியைத் திறந்து, பழைய வழக்கப்படி முகர்ந்து பார்க்கக் குனிந்திருக்கிறாள். சில கிருமிகளை வாசனையாலேயே அடையாளம் சொல்வார்கள், பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. "மூக்கை எடு!" என்று மெஹர் டாக்டர் போட்ட சத்தம் எக்ஸ்ரே அறைவரை கேட்டது என்பார்கள். தட்டைத் தானே வாங்கி மூடி, டேப் ஒட்டி, காற்று வெளியே வராத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிந்துவை அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார். சண்டையை மறந்த குரல், தாழ்ந்த குரல். எனக்கு அதுதான் அதிகம் பயம் தந்தது.

"புருசெல்லான்னு நினைக்கறேன்," என்றார்.

மாடு ஆடுகளிடமிருந்து காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கு வருகிற கிருமி அது. நாள்பட்ட காய்ச்சலாக வருவதைப் பார்த்திருக்கிறோம். செயற்கை மூட்டில் வந்து உட்காரும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. லேபில் வேலை செய்பவர்களுக்கு மூச்சுவழியாகவே தொற்றக்கூடியது என்பதால்தான் அந்தச் சத்தம். ஆனால் பெயர் கண்டுபிடிக்கிற இயந்திரம் அப்படிச் சொல்லவில்லை. அது வேறொரு சாதாரணக் கிருமியின் பெயரைக் காட்டியது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். "மெஷினுக்குத் தெரிஞ்ச பேரு கொஞ்சம்தான். யாருன்னு தெரியாதவன் வந்தா தெரிஞ்சவன் பேரைச் சொல்லிடும், நம்ம ஆஸ்பத்திரி கேட் செக்யூரிட்டி மாதிரி," என்றார். உறுதிசெய்ய செண்பகத்தின் ரத்தத்தை எடுத்து எறணாகுளத்தில் ஒரு லேபுக்கு அனுப்பியிருந்தார். பதில் சனிக்கிழமைக்குள் வராது. "அவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. பச்சைப் பால் குடிச்சாங்களா? மாட்டுத் தொழுத்துக்குப் போனாங்களா?"

கேட்டேன். செண்பகம் சிரித்தார். "மாடா? எங்க சந்துல மனுசன் நிக்கவே இடமில்ல. பாலு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது டாக்டரே. சின்னப் பிள்ளையிலேர்ந்து பாலு விடாத கட்டன் சாயாதான். கேளுங்க கலாகிட்ட." கலாவும் தலையாட்டினாள். எங்கள் ஊரில் ஆடுகள் கடைவீதியெங்கும் திரிகின்றனவே, ஆட்டுப்பாலாவது உண்டா என்று கேட்டேன். அதற்கும் இல்லை. இறைச்சிக் கடைப் பக்கம் போவதுண்டா? அதுவும் இல்லை. லேபுக்குப் போய், "பால் இல்லை, மாடு இல்லை, மெஷினும் இல்லை என்கிறது. நாளை மறுநாள் எடுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வார்டுக்கே வந்துவிட்டார். லேபை விட்டு நோயாளிகளிடம் வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே வார்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் அப்போது அங்கே இருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து செண்பகத்திடம் கடையைப் பற்றி, வீட்டைப் பற்றி, சிரட்டைக் கரி எங்கே வாங்குகிறார் என்பதைப் பற்றியெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கலா வந்தாள். கையில் மூடியிட்ட சின்னத் தூக்குப் பாத்திரம்.

செண்பகம் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வலது கையைக் குழித்து நீட்டினார். கலா அதில் வெள்ளையாக ஏதோ ஊற்றினாள். செண்பகம் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார்.

"அதென்னம்மா?" என்று மெஹர் டாக்டர் கேட்டார்.

"எங்க அம்மன் கோயில் பிரசாதம் டாக்டரம்மா. செவ்வாயும் வெள்ளியும் அபிஷேகம். கலா, டாக்டரம்மாவுக்கும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் முக்காட்டைப் பார்த்து நிறுத்தினார். "நீங்க வாங்கிக்க மாட்டீங்க இல்லையா? தெரியாம சொல்லிட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள். மெஹர் டாக்டர் வலது கையைக் குழித்து நீட்டினார். கலா தயங்கி, கொஞ்சமாக ஊற்றினாள். அவர் குடிக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பால் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. அந்தக் கையில் எங்காவது சிறு கீறல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

"இது காய்ச்சினதா செண்பகம்?"

"சாமிக்கு ஊத்தற பாலைக் காய்ச்சுவாங்களா டாக்டரம்மா? பச்சைப் பாலுதான். இடக்கொச்சியிலேர்ந்து கறந்த சூட்டோட கொண்டாந்து குடுப்பாங்க."

மெஹர் டாக்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாம்பிள் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் திறந்து பிடித்தேன். உள்ளங்கைப் பாலை அதில் சரித்துவிட்டு, தூக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு வார்டு மூலையிலிருந்த குழாய்க்குப் போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு, முழங்கைவரை, திரும்பத் திரும்பக் கழுவினார். செண்பகத்தின் முகம் கறுத்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, "பிரசாதத்தைத் தொட்டதுக்கு அந்தக் கழுவு கழுவறாங்க பாரு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

அது மெஹர் டாக்டர் காதிலும் விழுந்தது. ஈரக் கையோடு திரும்பி வந்து, இந்த முறை நாற்காலியில் உட்காராமல் செண்பகத்தின் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "நான் கை கழுவினது உங்க சாமிக்காக இல்ல செண்பகம். எங்க அத்தா வீட்டுப் பசுவோட பாலா இருந்தாலும் இப்படித்தான் கழுவியிருப்பேன். உங்க முட்டுல இருக்கற கிருமி காய்ச்சாத பால்ல வர்றது. டாக்டர் உங்ககிட்ட பச்சைப் பால் குடிப்பீங்களான்னு கேட்டாரே, ஏன் சொல்லல?"

"நான் பால் குடிக்கறதில்லையே டாக்டரம்மா."

"இப்ப குடிச்சீங்களே."

"அது பாலா? அது தீர்த்தம்." சொன்ன பிறகுதான் செண்பகத்துக்கே தான் சொன்னது புரிந்தது. தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆபரேஷன் ஆனப்போ வேண்டிக்கிட்டேன். காலு நின்னா செவ்வாயும் வெள்ளியும் தவறாம வாங்கிக்கறேன்னு. ஒரு தரம்கூட விடல. அந்தக் காலுக்காகத்தான் வாங்கிக் குடிச்சேன். அப்போ சாமியா எனக்கு இந்தச் சீக்கைக் குடுத்தது?"

இந்தக் கேள்விக்கு நான் என்றால் ஏதாவது விஞ்ஞானம் பேசியிருப்பேன். மெஹர் டாக்டர் சொன்னார்: "சாமி குடுக்கல. பசு குடுத்தது. பசுவுக்கு வேறெங்கிருந்தோ வந்தது. அது பாவம், அதுக்கு என்ன தெரியும்? நீங்க செஞ்சது தப்பே இல்ல. அடுப்புல வைக்காம விட்டதுதான் தப்பு, அது உங்க கையில இல்ல." செண்பகம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கலா எங்களை வெளியே கூட்டிவந்து, "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, ப்ளீஸ். கோயில் விஷயம். எங்க ஆளுங்க எங்களை ஒதுக்கிடுவாங்க," என்று கைகூப்பினாள்.

நான் சனிக்கிழமைத் தேதியை ரத்து செய்தேன். தியேட்டர் பொறுப்பாளர் என்மேல் எரிந்து விழுந்தார், நான் அவர்மேல் விழுந்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புருசெல்லா இல்லை என்று வந்தால், சீழை வைத்துக்கொண்டு நாளைக் கடத்திய பழி முழுதும் என் தலையில்தான் விழும். மெஹர் டாக்டர் மட்டும் எதையும் எதிர்பார்க்காதவர்போல் தன் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நடிப்பு என்று பிறகு பிந்து சொன்னாள். அவரும் அந்த நாட்களில் டப்பாவைத் திறந்து சாப்பிடாமல் அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார். முடிவு வந்தது. புருசெல்லாதான். பாலிலும் அதன் அடையாளம் இருந்தது.

அதன்பின் என் வேலை. முழங்காலைத் திறந்தேன். உலோகம் எலும்போடு இறுகப் பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆடினால் எடுத்தே ஆக வேண்டும். பிடித்து அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. கழுவி, கெட்ட சவ்வை வெட்டி எடுத்து, நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றினேன். மூட்டு அதே இடத்தில் இருந்தது. வாசலில் மெஹர் டாக்டர் டப்பாக்களோடு நின்று, ஒவ்வொரு சதைத் துண்டையும் தன் கையால் வாங்கிக்கொண்டார். "வேற வேற கத்திதானே?" என்று அப்போதும் கேட்டார். சரியான மருந்துகள், பல மாதம். முதல் சில நாள் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஒரு சாயங்காலம் வராமல் போயிற்று, பிறகு வரவேயில்லை.

ஆனால் கோயிலில் அந்தப் பாலை இன்னும் பலர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மெஹர் டாக்டரிடம், இருவருமாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்றேன். மறுத்துவிட்டார். "நான் போய்ச் சொன்னா பாலைப் பத்திப் பேச மாட்டாங்க டாக்டரே, என்னைப் பத்தித்தான் பேசுவாங்க. நீங்க போனா படிச்ச திமிருன்னு சொல்லுவாங்க. செண்பகம் எழுந்து நிக்கட்டும்." செண்பகம் வார்டில் பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது. மெஹர் டாக்டர் தினமும் வந்து மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் போனபோது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

கோயிலில் நடந்ததைக் கலா எனக்குச் சொன்னாள். செண்பகம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை போயிருக்கிறார். பால் கொடுக்கும் நேரத்தில் கையை நீட்டாமல், இதைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஒரே கூச்சல். "இதை யார் சொல்லிக் குடுத்தது உனக்கு? அந்த முஸ்லிம் டாக்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செண்பகம் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கித் தழும்பைக் காட்டி, "இது சொல்லிக் குடுத்தது. வந்து பாருங்க. நானும் உங்களை மாதிரிதான் கையை நீட்டினேன்," என்றிருக்கிறார். பூசாரி வயதானவர், நிதானமானவர். அம்மனுக்கு எப்போதும்போல் பச்சைப் பால் ஊற்றுவது, கையில் கொடுப்பதற்குத் தனியாகக் காய்ச்சி ஆறவைத்து அம்மன் காலடியில் வைத்து எடுப்பது என்று அவரே வழி சொன்னார். இரண்டு பேர் மட்டும் அன்று கோபித்துக்கொண்டு போனார்களாம். இடக்கொச்சி மாட்டுக்காரரும் பல மாதமாகக் காய்ச்சலில் கிடந்தவர்தான் என்பது பிறகு தெரிந்தது. அவர் தொழுவத்தில் ஒரு பசுவுக்குக் கன்று கலைந்திருந்தது, அதுவும் இதே கிருமியின் வேலைதான். அவருக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மருந்து கொடுத்தோம், மாடுகளைக் கால்நடை டாக்டர் பார்த்துக்கொண்டார்.

அந்த ரமலான் முதல் மெஹர் டாக்டர் வீட்டு நோன்புக் கஞ்சி ஒரு பாத்திரம் தேய்ப்புக்கடைக்குப் போக ஆரம்பித்தது. செண்பகம் வாங்கும்போதெல்லாம், "காய்ச்சினதுதானே டாக்டரம்மா?" என்று முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். மெஹர் டாக்டர், "குடிச்சுப் பாரு, நாக்கு வெந்தா தெரியும்," என்பார். இந்த விஷயத்தை மருத்துவர் கூட்டத்தில் சொல்ல நான் கட்டுரை தயாரித்தபோது அவர் வாங்கிப் படித்து, ஊர்ப்பெயரை அடித்தார், கோயில் என்ற சொல்லையும் அடித்தார். "பச்சைப் பால்னு போதும். மருந்து கொடுக்கறதுக்குக் கிருமியோட பேரு போதும், அம்மனோட பேரு எதுக்கு?" என்றார். இப்போதும் நான் அந்தக் கோயில் எந்தச் சந்தில் இருக்கிறது என்று எழுதவில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் செய்து திட்டுவார் என்று பயமாக இருக்கிறது. திட்டமாட்டார் என்பதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் பால் குடிப்பீர்களா, மீன் தொடுவீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. யார் உங்கள் கையில் எதை ஊற்றுகிறார்கள், எதைப் பக்தியோடு வாயில் வைக்கிறீர்கள், சாப்பாடு என்று நீங்கள் கணக்கில் சேர்க்காமல் உள்ளே போவது என்ன என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, அவரைப்போலவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்கிறேன். எனக்கு அந்தப் பொறுமை இயல்பில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது.

அவர் போன அன்றே மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பெண்கள் கபர்ஸ்தானுக்குள் வருவதில்லை. லேப் பெண்களும் நர்ஸுகளும் மதிலுக்கு வெளியே ரோட்டோரம் நின்றார்கள். அவர்களோடு செண்பகமும் இருந்தார், கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வெயில் இறங்கவே இல்லை. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உள்ளே போகும் முன் அவரிடம் போய், "உக்காருங்க செண்பகம், நேரமாகும்," என்றேன்.

"வேண்டாம் டாக்டரே," என்றார். "அவங்க போற வரைக்கும் நிக்கறேன்."

மண் போட்டுவிட்டு நாங்கள் வெளியே வர வெகுநேரமாயிற்று. நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. செண்பகம் எதையும் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தார்.